ராமநாயக்கன் ஏரிக்கு வந்த கப்பல்

கப்பல் ஓசூருக்கு வந்து அந்தப் புதன்கிழமையோடு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

நூற்று எண்பது மீட்டர் நீளம். உள்ளே இருபத்தேழாயிரம் டன் கோதுமை, பதினேழு ஆட்கள். ஆவலப்பள்ளி ஹட்கோவில் ஜெயசெல்வி குடியிருக்கும் வீட்டு வாசலில் கிளம்பும். மனிதர் நடக்கும் வேகத்தில் ராமநாயக்கன் ஏரிக்குப் போய், கரையை ஒரு சுற்று சுற்றும். டீக்கடை எதிரே பதினொரு நிமிடம் நிற்கும். பிறகு வீடு திரும்பும். மொத்தம் எண்பது நிமிடம். வீட்டு வாசலைத் தொட்டதும் மறுபடி கிளம்பிவிடும். ஒரு நாளைக்குப் பதினெட்டு முறை இப்படி.

இதெல்லாம் கைப்பேசித் திரையில்தான். கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் இணையதளம் ஒன்றில், வரைபடத்தின் மேல் ஒரு பச்சைப் புள்ளியாக. முதல் நாள் ஜெயசெல்வி தெருவில் இறங்கி நின்று பார்த்தாள். புள்ளி அவளை நோக்கி வந்தது. இருபது மீட்டர், பத்து மீட்டர். தெருவில் பால் வண்டி ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் ஒதுங்கி வழிவிட்டாள். புள்ளி அவளைக் கடந்து போனபோது கழுத்துக்குப் பின்னால் ஜில்லென்றது.

அவளுடைய கணவன் சகாயநாதன் அந்தக் கப்பலில் மின்சார அதிகாரி. தூத்துக்குடிக்காரன். இருபத்தாறு நாட்களுக்கு முன் செங்கடலுக்குள் நுழைவதாகச் சொன்னதுதான் அவனுடைய கடைசிப் பேச்சு. ஆயுதம் ஏந்திய ஆட்கள் கப்பலில் ஏறிவிட்டதாக, அவனை வேலைக்கு அனுப்பிய மும்பை ஏஜென்சிக்காரர்கள் ஒருமுறை சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்கள் போனை எடுப்பதில்லை.

சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஜெயசெல்விக்கு டிஸ்பேட்ச் வேலை. ஐரோப்பாவுக்குப் போகும் கன்டெய்னர்கள் எந்தக் கடலில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. அதனால் இந்தப் புள்ளிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பெரிய கப்பலிலும் ஒரு ரேடியோ பெட்டி உண்டு. அது சில நொடிகளுக்கு ஒருமுறை சுற்றியுள்ளவர்களைப் பார்த்துக் கத்தும்: என் பெயர் இது, என் எண் இது, நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் போகிறேன். ஒன்றன் மேல் ஒன்று மோதாமல் இருக்க எல்லா நாடுகளும் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்பது பெட்டிக்குத் தானாகத் தெரியாது. இடம் காட்டும் கருவியிலிருந்து ஒரு ஒயர் வரும். ஒயரில் வருவதை நம்பி அப்படியே கத்தும். அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு லேப்டாப்பைச் செருகினால், லேப்டாப் சொல்வதைக் கத்தும்.

கப்பலில் அந்த ஒயரைத் தொடத் தெரிந்தவன் சகாயநாதன் ஒருவன்தான். பொய்யான இடத்தை அனுப்பு என்று யாரோ அவனை மிரட்டியிருக்க வேண்டும். உலகத்தில் எந்த இடத்தையும் அனுப்பியிருக்கலாம். அவன் ஓசூரை அனுப்பியிருந்தான்.

மூன்றாம் நாள் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். ஏரியின் வடகிழக்கு மூலையில் புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் நான்கு நிமிடம் நின்றது. அங்கே கடை இல்லை, பெஞ்சு இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று விளங்கியது. போன ஆடி மாதம் அங்கேதான் அவளுடைய செருப்பு வார் அறுந்தது. அவன் பையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து முறுக்கிக் கட்டிக்கொடுத்தான். அப்போது அவன் கைப்பேசி நடையைப் பதிவு செய்துகொண்டிருந்தது. அந்தப் பதிவுதான் இப்போது ஓடுகிறது. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் அவளும் நடந்துகொண்டிருக்கிறாள்.

அந்தச் சந்தோஷம் அரைநாள் நீடித்தது. பதிவு ஓடுவதற்கு ஆள் தேவையில்லை என்பது பிறகுதான் உறைத்தது. மின்சாரம் இருந்தால் போதும். ஓடவிட்டவன் உயிரோடு இல்லாவிட்டாலும் புள்ளி நாளைக்குப் பதினெட்டு முறை நடந்துகொண்டேதான் இருக்கும்.

தேடிப் போக யாரும் தயாராக இல்லை. கப்பலின் கொடி ஒரு தீவு நாட்டுடையது, முதலாளி இன்னொரு நாட்டில், காப்பீடு மூன்றாவது நாட்டில், கோதுமை நான்காவது நாட்டுக்காரருடையது.

"மேடம், செங்கடலோட ரெண்டு கரை நாட்டுக்கும் லெட்டர் போட்டாச்சு" என்றார் மும்பையில் அரசுக் கப்பல் துறை அலுவலகத்திலிருந்த தமிழ் பேசும் அதிகாரி. "மேற்குக்கரைக்காரன் அது கிழக்குத் தண்ணியில இருக்குங்கறான். கிழக்குக்கரைக்காரன் மேற்குங்கறான். எந்தப் பக்கம்னு ஆதாரம் குடுத்தா அவன் போயே ஆகணும். அது இல்லாம நான் யாரைப் போய்க் கேக்கறது?"

இரண்டு கரை நாடுகளும் சேர்ந்து நடத்திய மீட்பு மையம் ஒன்று முன்பு இருந்தது. அவற்றுக்குள் சண்டை மூண்டதும் இரண்டும் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. ஜெயசெல்வி அந்த எண்ணுக்கும் அடித்துப் பார்த்தாள். ஆறாவது மணியில் எடுக்கப்பட்டது. பதிவு செய்த ஒரு பெண்குரல் இரண்டு அந்நிய மொழிகளிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது: "நாங்கள் சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்." பிறகு ஓர் அறையின் நிசப்தம் கேட்டது. எங்கோ ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பயந்து வைத்துவிட்டாள்.

வழி தோன்றியது டிஸ்பேட்ச் அறையில்தான். பக்கத்து மேசையில் இருப்பவர் ரத்தினவேல், ராயக்கோட்டைக்காரர், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"அண்ணே, அவுக எங்க இருக்காகன்னு பெட்டி பொய் சொல்லலாம். அதக் கேட்டவன் எங்க இருக்கான்னு பொய் சொல்ல முடியாதுல்லா?"

"என்னாம்மா சொல்ற? மெதுவா சொல்லு, நானு எட்டாவதுதான் படிச்சேன்."

"அந்த ரேடியோ அறுபது, எழுவது கிலோமீட்டருக்கு மேல போகாதுண்ணே. கடலு இருநூறு கிலோமீட்டருக்கு மேல அகலம். மேற்குக்கரையில ஒருத்தன் காதுல விழுந்திருக்குன்னா கப்பலு மேற்குப் பக்கந்தான."

ரத்தினவேல் டீயை வைத்துவிட்டு யோசித்தார். "அட, ராயக்கோட்ட மார்க்கெட்ல மைக்கு வச்சு தக்காளி ஏலம் உடறான். நானு சென்னையில இருக்கறேன்னு மைக்குல சொன்னாலும், கேக்கறவன் ராயக்கோட்டையிலதான நிக்கறான்! ஏம்மா, இத்தன நாளு இத யாரும் கேக்கலையா?"

"சாட்டிலைட்டுந்தான் கேக்கும்ணே. அது ரெண்டு கரையையும் சேத்துல்லா கேக்கும். பிரயோசனம் இல்ல. அதுவும் காசு கட்டுனவுகளுக்குத்தான் காட்டுவாக."

இணையதளத்துக்குப் புள்ளிகளைத் தருபவர்கள் பெரும்பாலும் சாதாரண ஆட்கள். கடற்கரை ஊர்களில் மொட்டைமாடியில் ஆண்டெனா கட்டி, காதில் விழுவதை இணையத்தில் ஏற்றுவார்கள். கூலி கிடையாது. தான் கேட்டதைக் கொடுத்தால் மற்றவர்கள் கேட்டதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். போருக்குப் பிறகு அந்தக் கரைகளில் அது குற்றமாகிவிட்டது. அதனால் தளம் அவர்களுடைய பெயரையும் ஊரையும் மறைத்து எண்ணை மட்டும் காட்டியது. சகாயநாதனின் கப்பலைக் கேட்டுக்கொண்டிருந்தது நிலையம் 4471. தளத்தின் வழியாக அதற்கு எழுதினாள். ஐந்து நாள் கழித்து உடைந்த ஆங்கிலத்தில் பதில் வந்தது.

"உங்கள் கப்பலைக் கேட்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் ஆண்டெனாவை இறக்கிவிட்டார்கள். என்னுடையதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்திருக்கிறேன். கப்பலை நான் கண்ணால் பார்த்ததில்லை. வரும் புதன்கிழமை உங்கள் நேரப்படி பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை என் பெயரையும் இடத்தையும் திறந்து வைக்கிறேன். நகலெடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வெளியே வந்தபின் நான் இங்கே இருக்க முடியாது. பன்னிரண்டுக்கு ஆண்டெனாவை இறக்கிவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுவேன். பிறகு உங்கள் கப்பலைக் கேட்க இந்தக் கரையில் ஆளில்லை. வேண்டாமென்றால் சொல்லுங்கள். பிடிபடும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்."

ரத்தினவேல் அதை அவள் தமிழில் சொல்லக் கேட்டார். "அப்ப அந்தப் புள்ளியும் போயிடுமே, தாயி."

"போயிரும்தான்."

"நீ அதப் பாத்துக்கிட்டுத்தான சோறே திங்கற."

ஜெயசெல்வி திரையைப் பார்த்தாள். புள்ளி டீக்கடை எதிரே நின்றுகொண்டிருந்தது. "அது அவுக இல்லண்ணே. அவுக போன வருசம் நடந்தது" என்றாள். 4471-க்கு, திறந்து வையுங்கள் என்று எழுதினாள். உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றும் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு எண் இருந்த இடத்தில் ஒரு பெயர் தோன்றியது. மேற்குக்கரையில் ஒரு சிறிய ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆண்டெனாவின் உயரம் ஒன்பது மீட்டர். நகலெடுத்து மும்பை அதிகாரிக்கு அனுப்பியபோது மணி பதினொன்று ஆறு. புள்ளி ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தது. மிச்சமிருக்கும் நேரத்தை அதைப் பார்த்துக் கழித்துவிடலாம் என்று கைப்பேசியைச் சார்ஜரில் போட்டுச் சாய்த்து வைத்தாள்.

வடகிழக்கு மூலை வந்தது. புள்ளி நிற்கவில்லை.

"ஏம்மா" என்று ரத்தினவேல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "கப்பலு தண்ணிக்குள்ள இறங்குதும்மா!"

புள்ளி ஏரியின் குறுக்கே நேர்கோட்டில் போனது. மறுகரையில் ஏறி, வீடுகளின் மேலாக, பெங்களூர் நெடுஞ்சாலையின் மேலாக, அரை அரை கிலோமீட்டராகத் தாவியது. ஒவ்வொரு தாவலுக்கும் இடையில் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருந்தது.

ஜெயசெல்வி திரையை நெருங்கிக் குனிந்தாள். பதிவான நடை சாலையோடு வளையும், செருப்புக்காக நிற்கும். இது வளையவில்லை. யாரோ ஓர் இடத்தின் எண்களைத் தட்டுகிறார்கள், அனுப்புகிறார்கள், யோசித்து அடுத்ததைத் தட்டுகிறார்கள். லேப்டாப்பின் முன்னால் ஒரு கை இருக்கிறது. அத்தனை நாள் விட்டு ஏன் இன்றைக்கு, ஏன் இந்த ஒரு மணி நேரத்தில் என்பதற்கு மட்டும் அவளுக்குத் தெரிந்த எந்த விளக்கமும் பொருந்தவில்லை.

"சிப்காட்டுக்குள்ள வருது" என்றார் ரத்தினவேல். தானறியாமல் குரலைத் தாழ்த்தியிருந்தார். "நம்ம கம்பெனி. ஒண்ணாம் நெம்பர் கேட்டு."

ஒன்றாம் எண் கேட்டைக் கார்த்திகையில் பூட்டிவிட்டார்கள். டிஸ்பேட்ச் இரண்டாம் எண்ணுக்கு மாறியது அப்போதுதான். சகாயநாதன் புரட்டாசியிலேயே கப்பல் ஏறிவிட்டான். அவன் நினைப்பில் அவள் இன்னும் அந்தக் கேட்டருகேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

"அங்க நான் இல்லண்ணே!" என்று கத்திக்கொண்டு கைப்பேசியோடு எழுந்து ஓடினாள். பவுடர் கோட்டிங் ஷெட்டைத் தாண்டி, காலி பேலட் அடுக்குகளைத் தாண்டி, நானூறு மீட்டர். ஃபோர்க்லிஃப்ட்காரர் பிரேக் அடித்துத் திட்டினார். கேட்டில் சங்கிலி துருப்பிடித்திருந்தது. கம்பிக்கு வெளியே வெறும் தார்ச்சாலை, வெயில், நிறுத்திவைத்த ஒரு டிரெய்லர்.

திரையில் அவளும் கப்பலும் ஒரே இடத்தில் இருந்தார்கள். வேகம் சுழி. அதன் கீழே இருபத்தாறு நாளாக "பயணத்தில்" என்று இருந்த வரி மாறியது. அதை மாற்ற லேப்டாப் போதாது. பெட்டியிலேயே ஒருவர் விரலால் பொத்தானை அழுத்த வேண்டும். "நங்கூரமிட்டுள்ளது" என்று வந்தது.

அவள் கம்பிகளுக்கு இடையில் கையை நீட்டினாள். வெயிலில் காற்று சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மும்பையிலிருந்து செய்தி வந்தது. மேற்குக்கரை ஏற்றுக்கொண்டது, நாளைக் காலை அவர்கள் படகு புறப்படுகிறது.

"நாளைக்கு வாராக" என்றாள், சாலையைப் பார்த்து. "கேக்குதா? நாளைக்குக் காலையில வாராக. அதுவரைக்கும் பத்திரமா இருங்க." பதினேழு பேருக்கும் சேர்த்து இன்னொரு முறை உரக்கச் சொன்னாள். ரத்தினவேல் மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்தார்.

பன்னிரண்டுக்குப் பெயர் மறைந்தது, எண்ணும் மறைந்தது, புள்ளி அணைந்தது. சாப்பாட்டுச் சங்கு ஊதியது.

"வாம்மா, வெயிலு" என்றார் ரத்தினவேல்.

"பெட்டி இன்னும் கத்திக்கிட்டுத்தாண்ணே இருக்கும். நாமதான் கேக்க முடியாது" என்றாள் ஜெயசெல்வி. "அவுக இங்கதான நிக்காக. நீங்க போயிச் சாப்பிடுங்க."