கப்பல் யார் வீட்டுச் சொல்?

1961இல் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மன்றத்தில் மாலைநேர மலாய் வகுப்பு நடந்தது. நான் நர்ஸ், நோயாளிகளிடம் பேச மலாய் வேண்டியிருந்ததால் சேர்ந்தேன். ஆசிரியை ஜரீனாவுக்கு முப்பது வயதிருக்கும். பூர்வீகம் நாகூர், பிறந்ததெல்லாம் இங்கேதான்.

என் பக்கத்தில் உட்காருபவர் பாலகிருஷ்ணன், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, ஐம்பதைத் தாண்டியவர். ஜரீனா பலகையில் 'கெடாய்' என்று எழுதினால், "நம்ம கடை!" என்பார். 'பெத்தி' என்றால், "நம்ம பெட்டி!" ஜரீனாவும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

'காப்பால்' வந்த அன்றுதான் தகராறு.

"நம்ம கப்பல்! சோழன் ஓட்டுன கப்பல், டீச்சர்."

"அது மட்டும் சந்தேகம், அண்ணே. பழைய பாட்டுல கலம், நாவாய், வங்கம்னுதான் பேச்சு. கப்பல்ங்கிறது மலாய்லேருந்து தமிழுக்குப் போன சொல்லுன்னு சில பேர் சொல்றாங்க."

"தமிழ்ப் பொண்ணு வாயால இதக் கேக்கணுமா?" குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஜரீனாவின் முகம் வாடியது. ஆனாலும் பாடத்தை நிறுத்தவில்லை.

மறுவாரம் பாலகிருஷ்ணன் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், கடைசி பெஞ்சில் உம்மென்று உட்கார்ந்தார். ஜரீனா இதற்குள் ஸ்டாம்ஃபோர்டு சாலை நூலகத்துக்குப் போய் வந்திருந்தார்.

"போன வாரம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிட்டேன். அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கு," என்று தொடங்கினார். தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் அந்தச் சொல் உண்டு என்றார். கடையும் பெட்டியும் கடல்தாண்டி வந்தபோது, அவற்றை ஏற்றிவந்ததன் பெயர் மட்டும் வந்திருக்காதா என்று கேட்டார். பாலகிருஷ்ணன் கட்சியை அவரைவிட அழகாகப் பேசினார்.

"அப்ப நம்ம சொல்லுதானே?" பின்னாலிருந்து குரல் வந்தது.

"தெரியல, அண்ணே. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிக்குடுக்க எனக்கு மனசு வரல."

அந்தத் துணிச்சலை நான் எந்த ஆசிரியரிடமும் கண்டதில்லை.  பாலகிருஷ்ணன் எழுந்தார். "மலாய்க்காரங்களும் நம்ம கரையெல்லாம் வந்து இறங்கியிருப்பாங்கல்ல? அவங்க விட்டுட்டுப் போன சொல்லாவும் இருக்கலாம்லா?"

தன் கட்சிக்கு எதிராகத் தானே பேசிய மனிதருக்கு முதலில் கைதட்டியவர் ஜரீனாதான்.

அடுத்த வகுப்புக்கு அவர் மனைவி பூவம்மாவும் வந்தார்.

"வீட்டுல ஒரே டீச்சர் பேச்சுதான். ஆளைப் பாத்துடலாம்னு வந்தேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.