ஆம்பளைப் பக்கத்தில் பஞ்சம்மாள்

தீபாவளி முடிந்த மறுநாளே தாயில்பட்டி கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதுவரைக்கும் ஆர்டர், லோடு, சீசன் என்று நின்ற இடத்தில் நிற்க விடாமல் விரட்டிய வெடிக் கம்பெனிகள் எல்லாம் கேட்டைச் சாத்திவிடும். வெடி காயவைக்கிற நாளில் ஒரு தூறல் விழுந்தாலும் வானத்தைப் பார்த்து வைகிற ஜனம், அதற்கப்புறம் ஐப்பசி மழை கொட்டினால் வாசலில் நின்று ரசிக்கும். புருசன் பெண்டாட்டி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பகல் வெளிச்சத்தில் பார்க்கிற காலம் அதுதான், கண்ணுகளா.

அறுபத்து நாலாம் வருசத்து ஐப்பசி அது. பஞ்சம்மாளும் கோட்டைச்சாமியும் மேலத்தெருவில் ஓட்டு வீட்டில் இருந்தார்கள். பிள்ளை குட்டி கிடையாது. அவள் வெடிக் கட்டுக்குத் தாள் ஒட்டுகிற வேலைக்குப் போவாள். அவன் வெடி போட்டுப் பார்க்கிற ஆள். ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றை உருவித் திரி கொளுத்தி, சத்தம் சரியாக இருக்கிறதா என்று காதாலே எடை போட்டுச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே அதே வேலை.

அதற்கு முந்தின வருசம் சீசன் நடுவில் அவன் ஒரு பல்லவி பாட ஆரம்பித்தான். "சத்தம் பத்தல, மருந்தக் கூட்டுங்க." கூட்டினார்கள். "இன்னும் பத்தல." இன்னும் கூட்டினார்கள். கடைசியில் ஒரு வெடி வெடித்ததில் பக்கத்து ஷெட்டின் ஓடு நாலு உருண்டு விழுந்தது. போர்மேன் வெளிறிப்போய் ஓடி வந்தால், கோட்டைச்சாமி நிதானமாகத் திரும்பி, "இதுவும் சவசவன்னுதான் இருக்கு" என்றான். அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது, குறைந்து போனது வெடி இல்லை, காது என்று. வேலையை மாற்றிச் சாக்கு தைக்கப் போட்டார்கள்.

அதற்கப்புறம் அவன் பேச்சைக் குறைத்தான். டீக்கடைக்குப் போவதில்லை. யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. காதுக்குள் வாயை வைத்து, "சவுக்கியமாஆஆ?" என்று கத்துவார்கள். அவனுக்கு அது கேட்காது, தெருவுக்கே கேட்கும்.

பஞ்சம்மாள் கத்தவில்லை. ராத்திரிச் சோறு முடிந்ததும் சிம்னி விளக்கை எடுத்துத் தன் நாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் நிதானமாக அசைப்பாள். மூக்கம்மாள் வீட்டு வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டது. சாத்தூருக்குக் கட்டிக் கொடுத்த பிள்ளை கோவித்துக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் இன்றைக்கும் கருவாடு. முதலில் அவன் விழித்தான். பிறகு பாதி பிடித்தான். மாசம் போகப் போக, அவள் உதடு பிரிவதற்கு முந்தியே சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டான். ஊர்ச் செய்தி முடிந்தால் தாயம் உருட்டுவார்கள். தோற்கிற மாதிரி இருந்தால் அவன் கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடிக்கொண்டால் அவள் எப்படிச் சண்டை போடுவாள்? அப்படி ஒரு குசும்பு அவனுக்கு.

அந்த ஐப்பசியில் ஊருக்கு மேற்கே டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டார்கள். கொட்டகை என்றால் நடுவில் திரையிலிருந்து வாசல் வரைக்கும் இடுப்பளவுக்கு ஒரு மண்சுவர் இருக்கும். இந்தப் பக்கம் ஆம்பளை, அந்தப் பக்கம் பொம்பளை. வாசலும் தனித்தனி. ஒரே வீட்டிலிருந்து ஒன்றாக வந்தாலும் அங்கே பிரிந்து, படம் விட்டதும் வெளியே தேடிப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும்.

பஞ்சம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவர் ஓரமாகத் தரையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் கோட்டைச்சாமியும் அப்படியே குவித்து உட்கார்ந்தான். இரண்டு தலையும் சுவருக்கு மேலே வந்துவிட்டன. திரை வெளிச்சம் அவள் முகத்தில் அடிக்கும். அவன் படத்தை ஒரு பார்வை, அவள் வாயை ஒரு பார்வை என்று மாறி மாறிப் பார்ப்பான். ராஜா பேசினால் அவள் மீசை முறுக்குவாள். மாமியார் பேசினால் மூக்கைச் சுளிப்பாள். முதல் நாள் படம் விட்டு வெளியே வந்தபோது அவன் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான். ஒரு வருசத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினான். பஞ்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். தூறலும் விழுந்துகொண்டிருந்தது, நல்லதாய்ப் போயிற்று.

ஊர்க் கண் சும்மா இருக்குமா? பெஞ்சு டிக்கெட்டில் உட்காருகிற சொர்ணலட்சுமிதான் முதலில் ஆரம்பித்தாள். கம்பெனி முதலாளியின் தம்பி பெண்டாட்டி அவள்.

"படத்துக்கு வந்தமா, படத்தப் பாத்தமான்னு இல்லாம, புருசன் மூஞ்சியவே பாத்து வாய வாயத் தொறக்குறா. கண்ணால பாக்கச் சகிக்கல. பிள்ளைகள வேற கூட்டியாரோம்" என்று கொட்டகை மேனேஜரிடம் சொன்னாள்.

இன்னொருத்தி, "எனக்கென்னமோ மந்திரம் போடுறான்னு தோணுது மதினி" என்று ஒத்து ஊதினாள்.

மேனேஜர் சங்கிலிமுத்து விருதுநகர்க்காரர். ஒருத்தர் மனமும் நோகாமல் தொழில் நடத்த நினைக்கிறவர். அதாவது, பெஞ்சு டிக்கெட்காரர்கள் மனம் நோகாமல். அடுத்த வெள்ளிக்கிழமை இவர்கள் போய்ப் பார்த்தால் மண்சுவருக்கு மேலே ஆள் உயரத்துக்குப் பனையோலைத் தட்டி கட்டியிருந்தது, திரையிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு பொத்தல் இல்லாமல்.

அன்றைக்குப் பஞ்சம்மாள் தட்டியைப் பார்த்தபடியே படத்தைக் கழித்தாள். அந்தப் பக்கம் அவன் என்ன செய்தானோ தெரியவில்லை. வெளியே வந்தபோது அவன் முகம் பழைய முகமாகிவிட்டிருந்தது.

"இனிமே எனக்குப் படம் வேணாம், புள்ள. நீ மூக்கம்மாகூடப் போயிட்டு வா" என்றான்.

மறுநாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அதற்கு மறுநாளும். விளக்கை நாடிக்கடியில் வைத்தால், "தூக்கமா வருது" என்றான். பஞ்சம்மாள் விளக்கை எடுக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வெளியே இழுத்து வந்த மனுசனை மறுபடியும் அந்த மூலைக்குக் கொடுப்பதா?

"வெள்ளிக்கிழமை கெளம்புங்க" என்றாள் உதட்டால்.

"எதுக்கு? தட்டிய வேடிக்கை பாக்கவா?"

"நீங்க கெளம்புங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, தீபாவளிக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். டிக்கெட் வாங்கினாள். பொம்பளை வாசலைத் தாண்டி நடந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்பளை வாசலில் நுழைந்தாள். டிக்கெட் கிழிக்கிறவன் வாயைப் பிளந்து பார்த்தானே தவிர, தடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அப்படி ஒன்றை அவன் பார்த்ததே கிடையாது.

நடுத்தரையில் மணலைத் தட்டிச் சமமாக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் பீடிப் புகை.

"ஏலே, வழி தெரியாம வந்துட்டாகடா!"

"வழியெல்லாம் தெரியும் தம்பி. நீ தள்ளி உக்காரு, பீடியக் கீழ போடு" என்றாள்.

படம் ஆரம்பித்தது. ஒரு ராணியைக் காட்டுக்குத் துரத்துகிற கதை. பஞ்சம்மாள் அவன் பக்கமாகத் திரும்பி உதட்டை அசைத்தாள். கோட்டைச்சாமி தலையாட்டினான். ராணி காட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை, அதற்குள் பின்னாலிருந்து கூச்சல் கிளம்பியது. "மேனேஜரக் கூப்பிடு! பொம்பளைக்கு இங்கன என்ன வேல?" படம் நின்றது. விளக்கு எரிந்தது. சங்கிலிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, எந்திரிங்க. அந்தப் பக்கம் போங்க."

"டிக்கெட்டு வாங்கித்தான் வந்திருக்கேன்."

"வாங்கினீக, இல்லங்கல. இது ஆம்பளைப் பக்கம்."

"எம் புருசன் எந்தப் பக்கமோ அதுதான் என் பக்கம்."

தட்டிக்கு அந்தப்புறமிருந்து சொர்ணலட்சுமியின் குரல் வந்தது. "அடக்கம்னு ஒண்ணு வேண்டாமா? நாங்கெல்லாம் புருசன் இல்லாமலா வந்திருக்கோம்?"

"மதினி, உங்க வீட்டுக்காரவுக காதுக்கு நேரா யாரும் வெடி போடல. உங்களுக்கு ராத்திரி பேசினாலும் கேக்கும், விடிஞ்சு பேசினாலும் கேக்கும். எங்களுக்கு வெளிச்சம் இருந்தாத்தான் பேச்சு" என்றாள் பஞ்சம்மாள், தட்டியைப் பார்த்து.

கோட்டைச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. காது போனவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. கொட்டகை அதிரக் கேட்டான். "என்னவாம்? படத்த மறைக்கிறியா?"

"இல்லங்க. நான் பொம்பளையாம்."

"அது எனக்குத் தெரியுமே!"

கொட்டகை சிரிப்பில் குலுங்கியது. சங்கிலிமுத்துவுக்கே உதடு துடித்தது. ஆனால் பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தை இறுக்கிக்கொண்டார். "இந்தம்மா எந்திரிக்கிற வரைக்கும் படம் ஓடாது" என்றார்.

சிரித்த கூட்டமே கத்த ஆரம்பித்தது. "எந்திரி!" "வெளிய போ!" ஒருத்தன் மணலை அள்ளி வீசினான். அது அவள் பூவில் விழுந்தது. கோட்டைச்சாமி அதைப் பார்த்தான். எழுந்து அவள் தோளைத் தொட்டு, "வா, போயிருவம்" என்றான்.

"உக்காருங்க."

"வேணாம் பஞ்சு."

"இன்னைக்கு எந்திரிச்சா நீங்க நாளைக்கு வீட்டு வாசல தாண்ட மாட்டீக. எனக்குத் தெரியும். உக்காருங்க."

அவள் உதடு நடுங்கியது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகவே விழுந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தான். முன்னைவிட அகலமாக உட்கார்ந்தான்.

அந்தக் கூச்சலுக்குள்ளே முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து வந்தார். மொக்கைச்சாமி. எம். புதுப்பட்டி என்கிற ஊரில் ஒரு கம்பெனியில் வெடி போட்டுப் பார்க்கிறவர். பஞ்சம்மாளுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, ரகசியம் கேட்கிற பாவனையில் குனிந்து கேட்டார். ரகசியமாகத்தான் கேட்டதாக அவர் நினைப்பு.

"தாயி, அந்த ராணிய எதுக்குத் தொரத்துறாக? நேத்தும் வந்து பாத்தேன், முந்தாநாளும் பாத்தேன். எனக்கு வெளங்கவே இல்ல."

கத்தின வாய்கள் அப்படியே நின்றன. அவர் மகன் செல்லப்பாண்டி பின்னாலிருந்து எழுந்தான்.

"ஐயா! உமக்குக் காது கேக்காதா?"

அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டால்தானே திரும்புவார்.

"அடப்பாவி மனுசா! அதான் இந்தத் தீவாளிக்கு உங்க கம்பெனி வெடி ஊரையே தூக்கிச்சா?" என்றான் யாரோ. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வெடிக் கம்பெனிக்காரர்கள். சிலர் தங்கள் காதைத் தடவிக்கொண்டார்கள். மூலையிலிருந்து இன்னொரு ஆளும் எழுந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வந்து மொக்கைச்சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பஞ்சம்மாள் எழுந்தாள். "ஆங், எந்திரிச்சாச்சு" என்று ஒருத்தன் சொல்லி முடிப்பதற்குள் திரையை விட்டுத் திரும்பி, மூன்று பேருக்கும் எதிரே, திரை வெளிச்சம் பக்கவாட்டில் தன் முகத்தில் விழுகிற மாதிரிச் சாய்வாக உட்கார்ந்தாள்.

"மேனேஜரே, போடுங்க. ராணிய எதுக்குத் தொரத்துறாகன்னு இந்தப் பெரியவுக கேக்காக."

சங்கிலிமுத்து பெஞ்சைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தரையிலிருந்து, "போடுங்க அண்ணாச்சி" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் நாலைந்து. அப்புறம் அதே கூட்டம் தரையைத் தட்ட ஆரம்பித்தது. சொர்ணலட்சுமி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறின சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது.

அன்றைக்கு அவள் திரையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழுந்ததை உதட்டில் போட்டாள். உதடு பிடிபடாத புது ஆள் இரண்டு பேருக்கும் கையாலும் முகத்தாலும் சேர்த்துக் காட்டினாள். ராணி அழுதபோது மொக்கைச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தளபதி வந்தபோது கோட்டைச்சாமி தொடையைத் தட்டினான். அவர்கள் கண்ணுக்குள் படம் குட்டி குட்டியாக ஓடுவதை அவள் பார்த்தாள்.

படம் விட்டதும் வாசலில் சங்கிலிமுத்து வழியை மறித்தாற்போல நின்றார்.

"இன்னைக்கு என்னமோ விட்டுட்டேன். பெரிய எடத்துப் பொல்லாப்பு எனக்கு வேண்டாம். அடுத்த வெள்ளி இந்த வாசல்ல வந்தீகன்னா உள்ள விட மாட்டேன், சொல்லிட்டேன்."

"வெள்ளி வரைக்கும் எதுக்கு? நாளைக்கே வாரேன்" என்றாள் பஞ்சம்மாள். "படம் மாறுதா, இதேதானா?"

அவர் பதில் சொல்வதற்குள் கோட்டைச்சாமி அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் பார்க்காமல் விட்ட படம் அவன் வாய்க்குள் முட்டிக்கொண்டு நின்றது. "புள்ள, அந்தக் காட்டுல மயில் ஒண்ணு வந்துச்சு பாரு, தோகையத் தூக்கிக்கிட்டு..." என்று ரோடு முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தான். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சம்மாள் அவனைச் சத்தம் குறைக்கச் சொல்லவில்லை.