அடைப்புக்குறிக்குள் நான் எழுதியது

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் புகைப்படம் வந்தபோது, ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லாததால் என்னையேதான் திட்டிக்கொள்ள வேண்டும். படத்தில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு, பாப்பிரஸ் என்கிற நாணல் தாளின் துண்டு ஒன்று இருந்தது. பழுப்பு நிறம், நான்கு வரி கிரேக்கம், இடது ஓரத்தில் பூச்சி அரித்த அரைவட்டம்.

அனுப்பியவர் வேறொரு நகரத்து நூலகத்தில் பழைய தாள்களைக் கண்ணாடிகளுக்கு நடுவே பதித்துப் பாதுகாக்கிறவர். முப்பது வருடமாக அதே வேலை. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. மனதுக்குள் கண்ணாடிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். காபியைக் கீழே வைப்பதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"மேடம், படம் வந்துச்சா? பழைய டப்பா ஒண்ணத் திறந்தேன். எல்லாம் தூளும் தும்பும்தான். இத மட்டும் பாத்ததும் உங்க கடிதம் ஞாபகம் வந்துடுச்சு. எனக்கு கிரேக்கம் தெரியாது, ஆனா கையெழுத்து தெரியும். நீங்க சேருதுன்னு சொன்னா பக்கத்துல வெச்சுக் கண்ணாடி போட்டுடறேன். இல்லைன்னா பழையபடி டப்பாவுலயே போட்டுடறேன்."

என் கடிதம் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. கிறிஸ்தவம் இன்னும் கோயில் கட்டிக்கொள்ளாமல் வீட்டுக்குள் மெல்லப் பேசப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் தன் தம்பிக்கு எழுதியது அது. பாலைவனத்துக் குப்பைமேட்டிலிருந்து எடுத்தது. கர்த்தருக்குள் வாழ்த்து சொல்கிறாள், நீ அனுப்பிய எண்ணெய் வந்தது ஆனால் ஜாடி விரிசல் விட்டிருந்தது என்கிறாள், பிறகு 'நான் தனியாக இருக்கிறேன்' என்கிறாள். அந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தை ஊகித்து நிரப்புவதற்கு எங்கள் தொழிலில் அனுமதி உண்டு. ஆனால் நிரப்பியதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். வெளியே இருப்பது அவள் சொன்னது, உள்ளே இருப்பது நாங்கள் சொன்னது. முதல் வருட மாணவனுக்கே தெரிந்த விதி. நான் உள்ளே 'கர்த்தருக்காக' என்று போட்டேன். கிழிந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

முதல் கட்டுரையில் அடைப்புக்குறி இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. பிறகு புத்தகம் எழுதினேன். அதில் எந்தப் பக்கத்தில் அது கழன்று விழுந்தது என்று சத்தியமாக எனக்கே தெரியாது. 'நான் கர்த்தருக்காகத் தனியாக இருக்கிறேன்' என்று அவளே சொன்னதாக எழுதி, தனிமையைத் தானே தேர்ந்துகொண்ட பெண் என்று ஆறு அத்தியாயம் கட்டிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. ஒரு கன்னியர் மடத்தில் அந்த வரியைப் புத்தகக்குறியாகவே அச்சடித்து எனக்குப் பன்னிரண்டு அனுப்பினார்கள். இன்றைக்கு என் பெயரைச் சொன்னால் துறைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது அந்த ஒரு வரிதான்.

புதிய படத்தைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். பத்து நிமிடம் போதுமாக இருந்தது. தாளின் நார்கள் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தடையில்லாமல் ஓடின. இரண்டு அரைவட்டமும் சேர்ந்து ஒரு முழுப் பூச்சி ஓட்டை ஆயிற்று. சேர்த்துப் படித்தேன்: 'நான் தனியாக இருக்கிறேன், நீ வராததால். ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை. கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். வா.'

"நார் ஒத்துப்போகலங்க," என்று அவரைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை, பாவி.

"சரிங்க மேடம். நீங்க சொன்னா சரிதான்." தகர மூடியை அழுத்தி மூடுகிற சத்தம் போனில் கேட்டது. இருபத்திரண்டு வருடமாக என்னோடு இருந்த ஒருத்தியை என் கையாலேயே உள்ளே தள்ளி மூடிய மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து மணிக்குத் தம்பி கூப்பிடுவான். ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறான். பிரஷர் மாத்திரை, மழை, தண்ணீர் மோட்டார் என்று நான்கு நிமிடம் பேசுவோம். முன்பெல்லாம் வா வா என்று உயிரை எடுப்பான், சொல்லாமல் கொள்ளாமல் வந்தும் நிற்பான். பிறகு எல்லாம் நின்றுபோயிற்று. அவனுக்குக் குடும்பம் ஆகிவிட்டது, அக்கா எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால், எனக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்பேன். சொல்லிச் சொல்லி அது நன்றாகவே வாய்க்கு வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் கதை முடிந்ததும், "அந்தக் கடிதத்தோட மிச்சம் கெடச்சிருக்குடா," என்றேன்.

"எது, உன் புத்தகத்துல வர்றவங்களா? தனியா இருந்தவங்க?"

"நீ படிச்சியா அத?"

"என்னக்கா இப்படிக் கேக்கற? ரெண்டு தடவ படிச்சேன். புரியாத எடத்தையெல்லாம் தாண்டிக் குதிச்சுதான்." சிரித்தான். "அதுக்கப்புறம்தானே உன்ன நச்சரிக்கிறத விட்டேன். இது அந்தம்மாவப் பத்தி மட்டும் இல்ல, அக்கா தன்னப் பத்தியும்தான் எழுதியிருக்கான்னு தோணிச்சு. உன் பாட்டுக்கு நிம்மதியா இருந்துட்டுப் போன்னு விட்டுட்டேன். மிச்சத்துல என்ன இருக்கு?"

"இன்னும் படிக்கல," என்றேன். நான்கு நாளில் இரண்டாவது பொய். போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அடைப்புக்குறி விழுந்த அந்தப் பக்கத்தை இவன்தான் வரிக்கு வரி நம்பியிருக்கிறான்.

திங்கட்கிழமை கண்ணாடிக்காரரை நானே கூப்பிட்டேன். "அது சேருதுங்க. அன்னைக்கே தெரியும். பொய் சொல்லிட்டேன்."

"வெறும் டப்பாவத்தான் மூடினேன் மேடம். துண்டு மேசை மேலயே இருக்கு. பூச்சி ஓட்ட சேர்றது எனக்கும் கண்ணுக்குத் தெரியுதில்ல?"

அந்த மனிதர் எதிரில் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். புத்தகத்தில் நான் எழுதியது தவறு, அதை என் பெயர் போட்டு நானே அச்சில் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். அதையெல்லாம் அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அவங்க தம்பி வந்தாரா மேடம்?"

"தெரியாதுங்க. அதுக்குக் கீழ தாளே இல்ல."

"அங்க நீங்க ஏதாவது போடுவீங்களே, அடைப்புக்குறிக்குள்ள?"

"இல்லீங்க. போட மாட்டேன்."

போனைக் கீழே வைக்காமல் அப்படியே தம்பியின் எண்ணை அழுத்தினேன். எங்கள் வழக்கத்தில் திங்கட்கிழமை கிடையாது. எடுத்ததும் பதறினான்.

"என்னக்கா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லடா, நல்லாத்தான் இருக்கேன். வாயேன்."

"எங்க?"

"இங்கதான். வீட்டுக்கு. நீ வரணும்டா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்த மாதிரி இடைவெளியைப் பார்த்தால் கை துறுதுறுக்கும் எனக்கு. வேலை இருந்தா பரவாயில்ல, மெதுவா வா, சும்மாதான் சொன்னேன் என்று மூன்று விதமான வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"ஒரு நிமிஷம் இரு அக்கா," என்று போனை எங்கோ வைத்தான். அவன் நடந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது.

மேசைக்கு எதிரில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. கடையில் ஜோடியாகத்தான் தருவேன் என்றதால் வாங்கியது. வந்த முதல் வாரத்திலிருந்தே அதன்மேல் ஜெராக்ஸ் கட்டுகள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் அடுக்கினேன். கடைசிக் கட்டுக்கு அடியில், யாருமே உட்காராத அந்த மெத்தை, வாங்கிய அன்றைக்கு இருந்த அதே பளிச்சென்ற நீலத்தில் இருந்தது.