நான்காவது வெளியாள்

கமிட்டிக்காரர் என் வீட்டுக்காரரின் ஆதார் அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு துக்கச் செய்தி சொல்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தி, "நீங்க ராஜபாளையத்து ஆளுல்லா? வத்திராயிருப்பு டீமுக்கு எப்படி ஆட வாரிய?" என்று கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் அன்று கால்பந்து இறுதிப் போட்டி. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். மகளுக்குப் பள்ளியில் இலவச இடம் கிடைக்க வேண்டும் என்று, சொந்த ஊரான வத்திராயிருப்பிலிருந்து நாங்கள் வாடகைக்கு இருக்கும் ராஜபாளையத்துக்கு எல்லோருடைய முகவரியையும் மாற்ற நாயாய் அலைந்தது நான். போன வாரம் புது அட்டை தபாலில் வந்ததும், பொறுப்பான பெண்டாட்டியாக அதை வேல்பாண்டியின் பர்ஸில் வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப் பீரோவில் போட்டதும் நான்தான். அரையிறுதி வரை அவர் பழைய அட்டையைக் காட்டித்தான் ஆடியிருந்தார்.

இந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. ஊர்ப் பெயரில் இறங்கும் அணிக்கு ஆடுகிறவர்களின் ஆதாரில் அந்த ஊர் இருக்க வேண்டும். வெளியாட்கள் மூன்று பேர் இறங்கலாம். அதில் ஒருவன் வெளியே வந்தால் அவனுக்குப் பதில் இன்னொரு வெளியாள் போகலாம். எங்கள் அணிக்கு மூன்று பேரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். தூத்தூர் கடற்கரைப் பையன்கள், ஆட்டத்துக்கு இவ்வளவு பணம் என்று பேசிக் கூட்டி வந்தவர்கள்.

எதிர் அணி ராஜபாளையத்து மில் அணி. வேல்பாண்டி ஆறு வருடமாக அந்த மில்லில்தான் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். சித்திரையில் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, இந்த வருடம் எங்களுக்கு ஆடு, வேலையை நிரந்தரமாக்கித் தருகிறோம் என்றார். பி.எஃப்., போனஸ், குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. அன்று நான் கேசரி கிண்டி வைத்தேன். சாயங்காலம் வந்த மனுஷர், "முடியாதுன்னுட்டேன்" என்றார். கேசரியை மட்டும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

"எதுக்கு முடியாது?"

"முட்டி போயி மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தப்போ சோலைச்சாமி அண்ணன் முறை வச்சு ஆளனுப்பினாவல்லா. அவியளுக்கு எதுத்தாப்புல நான் எப்படிட்டி நிப்பேன்?"

சோலைச்சாமி அண்ணன்தான் வத்திராயிருப்பு அணிக்கு எல்லாம். பந்து வாங்குவது முதல் அடிபட்டவனுக்குக் கஞ்சி கொண்டு வருவது வரை அவர் தலையில்தான். நான் மூன்று நாள் இவரிடம் பேசவில்லை. நான்காம் நாள் பேசிவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் முறை வைத்துத் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்த அந்தப் பையன்களை நானும் பார்த்தவள்தானே.

இப்போது கமிட்டி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த அண்ணனிடம்தான் சொன்னேன். "அண்ணே, பழைய கார்டு பீரோவுல கெடக்கு. பஸ் ஏறிப் போயி செத்த நேரத்துல எடுத்துட்டு வந்துருதேன்."

"வேண்டாம்ட்டி. அவிய பாத்துட்டாவ. இனி என்னன்னு பொய் சொல்ல?" என்றார் வேல்பாண்டி.

"அப்போ அந்த மூணு பேருல ஒராள உக்கார வைங்கண்ணே."

வேறு வழி இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சோலைச்சாமி அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பேசிக் கூட்டியாந்துட்டோம்மா. துட்டு குடுத்தவிய அந்தா நிக்காவ. எவனையும் உக்கார வைக்க ஏலாது." பிறகு இவர் தோளில் கை போட்டு, "ஏலே வேலு, நீ நம்ம பய. பொறுத்துக்கிடுவ" என்றார்.

"சரிண்ணே."

அவ்வளவுதான். காசுக்கு வந்தவனை உட்கார வைத்தால் அவன் சண்டைக்கு வருவான். நம்ம பயல் வர மாட்டான். எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்த அட்டையைப் பர்ஸில் வைத்த கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

வேல்பாண்டி ஜெர்சியைப் போட்டு, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நான்காவது வெளியாளாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தார். அவர் வழக்கமாக ஆடும் இடது ஓரத்தில் தூத்தூர்ப் பையன் ஜோயல் ஆடினான். நன்றாகத்தான் ஆடினான், அதுதான் இன்னும் வலித்தது. பந்தல் நிழலில் இருந்த மில் மேனேஜர் இவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜோயல் எங்களுக்கு நேர் எதிரே, கோட்டை ஒட்டிக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

"வேலு, ரெடியாகு!" என்று கத்தினார் சோலைச்சாமி அண்ணன்.

நான் மகளைக் கீழே இறக்கிவிட்டேன். அந்தப் பையன் எழுந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கால் போகட்டும் என்று கும்பிட்டவள் நான். கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

வேல்பாண்டி தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். மண்டியிட்டு, ஜோயலின் பூட்ஸைத் தன் நெஞ்சில் வைத்து, முன்பாதத்தைப் பிடித்து அழுத்தினார்.

"முடியல்லண்ணா. நீங்க இறங்குங்க" என்றான் அவன்.

"விடுலே! நீ உள்ள போ!" அண்ணனின் குரல்.

இவர் திரும்பவே இல்லை. "மூச்ச நல்லா விடு தம்பி. உன்ன மறிக்கான் பாரு, கௌதம்ராஜு, அவன் எங்கூட ஷிப்டு பாக்குறவன். வலப்பக்கம் டக்குன்னு திரும்ப மாட்டான். இன்னும் ஒரே ஒரு ஓட்டம் ஓடு, போதும்" என்று சொல்லிக்கொண்டே காலைத் தேய்த்தார். தேய்த்து, அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கி நிறுத்தினார்.

ஏன் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஜோயல் இரண்டு எட்டு நொண்டினான். பிறகு ஓடினான். வேல்பாண்டி கோட்டுக்கு வெளியே வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். வெள்ளை ஜெர்சியின் நெஞ்சில் பூட்ஸ் தடம் செம்மண்ணாக அப்பியிருந்தது. மகள் ஓடிப்போய் அதைத் தன் சின்னக் கையால் தட்டித் தட்டிவிட்டாள். மைதானத்தில் எல்லோரும் எதற்கோ ஓவென்று கத்தினார்கள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் அவள் கையைப் பிடித்து, "இருக்கட்டும்த்தா" என்றார்.