வயிற்று வலி

"இந்தா பாரு, போலீஸ்காரம்மா வந்து என்ன கேட்டாலும் வயித்து வலின்னு சொல்லிடு. தாங்க முடியாத வயித்து வலி. புரியுதா?"

மாமியார் சின்ன மருமகளுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள். சீப்பு சிக்கில் மாட்டும்போதெல்லாம் வெடுக்கென்று இழுத்தாள். உயிரை விடப் பார்த்தவளை முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அவள் பிழைத்ததில் அந்த வீட்டுக்கு நிம்மதியைவிட நடுக்கம்தான் அதிகம். பிழைத்தவளுக்கு வாய் இருக்கிறதே.

"எனக்கு வயிறு வலிக்கலையே, அத்தை."

"வலிச்சுதுன்னு சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

சின்னவளுடைய கணவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கல்யாணமான புதிதில் அவளும் கடையில் நின்றாள். வருகிறவர்களை எழுத்துப் பலகை முன் உட்காரவைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாள். ஒரு நாள் யாரோ ஒருவர் தலைகீழாகப் படித்துவிட்டு அசடு வழிய, அவளும் கூடச் சிரித்துவிட்டாள். கணவன் அதைப் பார்த்தான்; அத்தோடு அவளுக்குக் கடை முடிந்தது. மறுநாளிலிருந்து கணவன் அவளை மாடி அறையில் விட்டு வெளியே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். பாதுகாப்பாம். சாப்பாட்டு நேரத்தில் மாமியார் வந்து, தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறப்பாள். ஒரு மனுஷியை அலமாரித் துணிபோல் பூட்டி வைப்பதற்குப் பாதுகாப்பு என்று எத்தனை அழகான பெயர்!

அவள் சும்மா இருக்கவில்லை. கணவனிடம் சொன்னாள். "உனக்கு என்ன கொறைச்சல்?" என்றான். மாமியாரிடம் சொன்னாள். "நாடகம் போடாத" என்று பதில் வந்தது. பெற்ற தாயிடம் போனில் சொன்னாள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று தாய் அழுதாள். அதன் பிறகு போனும் போய்விட்டது. செத்துப்போயிடுவேன் என்றுகூடச் சொன்னாள். "சாகறவ சொல்லிட்டா சாவா?" என்று வீடே சிரித்தது.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவு நடந்திருந்தது. மூத்த மகன் ஆலையில் மேற்பார்வையாளர். ஆலையை மூடியதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாதக்கணக்காகக் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவதுபோல் போய் வந்தான். டப்பா பாதிச் சோற்றோடு திரும்பியதற்காக மனைவி கோபித்துக்கொண்டதும் உண்டு. ஆம்பிளை கலங்கலாமா என்று வளர்க்கப்பட்டவன், கலங்காமலேயே ஒரு நாள் தன் உயிரை முடித்துக்கொண்டான். துக்கம் கேட்க வந்தவர்கள் 'மானஸ்தன்' என்றார்கள். அவனைப் பெற்ற மாமியார் மட்டும் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சாமி. தாங்கியிருக்க மாட்டோமா?" என்று கதறினாள். அது நிஜமான அழுகைதான்.

பெண் காவலர் வந்தபோது கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மூத்த மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். காவலர் வெயிலில் அலைந்து களைத்திருந்தார். காகிதத்தை மடியில் வைத்து, பேனாவைத் திறந்து, தலை நிமிராமலே கேட்டார்:

"வயித்து வலிதானே?"

யாரும் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?" என்றாள் சின்னவள்.

"பொம்பளைன்னா வயித்து வலி, ஆம்பளைன்னா கடன். எழுதி எழுதிக் கை தானாப் போகுது. ஆம்பளைங்க வாயே திறக்க மாட்டாங்க. முக்காவாசிப் பேர் முடிஞ்சப்புறம்தான் நாங்க போவோம். பொம்பளைங்கள்ல நிறைய பேர் பொழைச்சுக்கறாங்க. ஆனா பக்கத்துல நிக்கறவங்க மொகத்தைப் பாத்துத்தான் பதில் சொல்றாங்க."

மாமியார் முந்திக்கொண்டாள். "ஆமா மேடம், வயித்து வலிதான். இவளுக்கு இங்க என்ன கொறை? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தாங்கியிருக்க மாட்டோமா?"

துக்க வீட்டு வாக்கியம் பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சுவரோரம் நின்ற மூத்தவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சொன்னேனே, அத்தை," என்றாள் சின்னவள்.

"பேசாம இரு."

"சொன்னா, மேடம்," என்றாள் மூத்தவள். "எங்க வீட்டுக்காரர் சொல்லாமப் போனார்னு இன்னும் அழுதுட்டிருக்கோம். இவ வாய் ஓயாம சொன்னா. நான் அடுப்படியிலிருந்து எல்லாத்தையும் கேட்டேன். கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

காவலர் முதல் முறையாக நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தார். ஏற்கெனவே எழுதியிருந்த 'வயிற்று வலி'யைக் குறுக்காக அடித்தார்.

"நீ சொல்லும்மா. வேற யாரும் பேசக் கூடாது."

கணவன் எழுந்தே விட்டான். "ஏய், இதெல்லாம் வெளிய சொல்ற விஷயமா?"

சின்னவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"உள்ள சொல்லிப் பாத்துட்டேன்," என்றாள்.