அமீனாவுக்கு ஒரு நாற்காலி

கோர்ட் அமீனா வேலைக்கான தேர்வில் சாவியோ என்கிற நான் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி ஒன்றே ஒன்று: பொழுது சாய்ந்த பிறகு ஜப்தி செய்ய யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. விடைக்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

முதல் வாரண்ட் தண்டையார்பேட்டையில். ரஹீமுன்னிசா என்கிற அம்மாள் ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் வாங்கிய கடனைக் கட்டவில்லை. அந்த அம்மாள் வீட்டு ஃப்ரிட்ஜைத் தூக்கிவர வேண்டும். வாரண்டுக்கு அன்றுதான் கடைசி நாள். "வெறுங்கையோட வந்தே, சாவியோ, உன்னை ஃபைல் தைக்க உக்கார வெச்சுடுவேன்" என்று சொல்லி அனுப்பினார் சீனியர் அமீனா செங்கொடி மேடம். புதுச் சட்டை போட்டு, கண்ணாடி முன் நின்று முறைத்துப் பழகி, இன்னாசியின் குட்டி யானை லோடு வண்டியையும் வாடகைக்குப் பேசிக்கொண்டு, மாலை ஐந்து மணிக்குப் போய் இறங்கினேன். காலையிலேயே போயிருக்கலாம். முறைப்பு சரியாக வர நேரமாகிவிட்டது.

ரஹீமுன்னிசா அம்மாள் வாரண்டைப் பார்த்து அழவில்லை, கத்தவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "உள்ள ஒரே புழுக்கமா கீது தம்பி, காத்தாட குந்து" என்று வாசலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்காக ஒருவர் நாற்காலி துடைப்பது அதுவே முதல்முறை. உட்கார்ந்தேன்.

"இந்த ஃப்ரிட்ஜ வெச்சுத்தான் ரம்ஜான் மாசம் பூரா சர்பத் விக்கிறேன். இத்த எத்துகினு போய்ட்டா பொயப்பே போச்சு."

"சட்டம்மா" என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"சரி, டீ குடி."

அங்கேதான் என் பண்பாடு தலைதூக்கியது. நோன்பு வைத்தவர்கள் முன்னால் உட்கார்ந்து டீ உறிஞ்ச ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு மனம் வருமா? வேண்டாம் என்றேன்.

"எவ்ளோ நல்ல புள்ள! அப்போ நோன்பு தொறக்கற வரிக்கும் இரு. கஞ்சி குடிச்சுட்டு நிதானமா உன் வேலையப் பாரு."

என் பெருந்தன்மை எனக்கே பிடித்துப்போனது. ஜப்திப் பட்டியலை அழகான கையெழுத்தில் எழுதினேன்: ஃப்ரிட்ஜ், ஒன்று. உள்ளே போய்ப் பார்க்கக்கூட இல்லை. வாசலிலிருந்தே தெரிந்தது.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழமும் கஞ்சிக் கிண்ணமும் கைக்கு வந்தன. இரண்டாவது வாய் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சூரியன் மறைந்துவிட்டது. நான் வாசலுக்கு வெளியே இருக்கிறேன்.

ரஹீமுன்னிசா அம்மாள் சிரிக்கவில்லை. "போன தபா வந்த அமீனா சொன்னாரு, பொழுது சாஞ்சா உள்ள வர மாட்டோம்னு. நாளிக்கு காலைல சீட்டுப் பணம் வருது தம்பி. இந்த ஒரு ராத்திரிதான் கேக்கறேன். கோச்சுக்காத."

கோபம் வந்தது, என்மேல்தான். வாயில் கஞ்சி இருந்ததால் அதையும் சரியாகக் காட்ட முடியவில்லை. இன்னாசி மூன்றாவது சமோசாவில் இருந்தார்.

மறுநாள் ஃபைல் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு ரஹீமுன்னிசா அம்மாள் வந்து முழுப் பணத்தையும் கட்டினார். செங்கொடி மேடம் வாயைப் பிளந்தார். "ரெண்டு வருஷமா நாங்க நடையா நடந்தோம். இவன் இன்னாம்மா பண்ணான்?"

"ரொம்பக் கறாரு மேடம். வாசல்ல நாற்காலி போட்டு குந்துனவரு, சாயங்காலம் பூரா எந்திரிக்கவே இல்ல."

எழுந்திருக்கவில்லை என்பது சத்தியம். மேடம் அப்போதே தண்டையார்பேட்டை வாரண்டுகள் மொத்தத்தையும் என் மேஜையில் வைத்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் மானத்தைக் காப்பாற்றியவர்மேல் அவ்வளவு நன்றியாகவும் இருந்தது. எழுந்து, என் நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டேன்.

"குந்த ஏது தம்பி நேரம்? பொழுது சாயறதுக்குள்ள சர்பத் போடணும்" என்று கிளம்பிவிட்டார்.