புதிய எண் போதும்

வைரவன் சார் என் முன்னால் போட்ட கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேவானை அக்காவை வேலையை விட்டு நீக்கும் கடிதம். காரணம், முகவரியைத் தவறாகப் பதிவு செய்தாராம்.

அசோக் நகரில் எங்கள் அலுவலகம். ஆக்ஸிஜன் மெஷின்களை வீடுகளுக்கு வாடகைக்கு அனுப்புகிறோம். நொச்சிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வரும் தேவானை அக்கா பதினோரு வருடமாகப் போனில் ஆர்டர் எடுக்கிறார். நான் மதுமதி, அங்கே இருக்கிற ஒரே ப்ரோகிராமர்.

போன மாதம் டெலிவரி வேலையை சார் வேறொரு கம்பெனிக்குக் கொடுத்தார். எங்கள் ஆர்டர் அவர்கள் கம்ப்யூட்டருக்குத் தானாகப் போக வேண்டும். இரண்டு கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் ஏபிஐ ப்ரோகிராமை எல்லாம் ஏஐ எழுதிவிடும் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து குதித்தார். அந்த ஏஐ உதவியாளரை நான்தான் நிறுவினேன். அந்தக் கம்பெனியின் ஏபிஐ விவரங்களைக் கொடுத்தேன். எங்கள் விதிகளைத் தனி ஃபைலில் எழுதிவைத்தேன். அதைப் படித்துத்தான் அது கோட் எழுதும். ஏஐயைக் குறை சொல்லவே முடியாது. முதல் நாளே கேட்டது: "முகவரிகளில் பழையது, புதியது என்று இரண்டு கதவு எண்கள் உள்ளன. ஏபிஐயில் கதவு எண்ணுக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. எதை அனுப்பட்டும்?"

சாரிடம் கேட்டேன்.

"புது நம்பர் போதும்மா. கார்ப்பரேஷன் மாத்தி எத்தனை வருஷமாச்சு! இதுக்கெல்லாமா ஒரு கேள்வி?"

தேவானை அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "இன்னா சார் நீங்க? ஒரு கேட்டுல பழ்சு கீது, பக்கத்து கேட்டுல புச்சு கீது. ஒரே நம்பர் குடுத்தா வண்டிக்காரன் எங்க போவான்?"

"நீ உன் வேலையைப் பாரு."

நான் வாயை மூடிக்கொண்டு விதியை எழுதினேன்: புதிய எண்ணை மட்டும் அனுப்பு. பழைய எண்ணைக் குறிப்புக் கட்டத்தில் சேர்த்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. சாருக்குப் பயந்து செய்யவில்லை. அதை நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு மெஷின் போக வேண்டும். பழைய எண் 27, புதிய எண் 14. வண்டிக்காரர் தெருக்கோடியில் 14 என்று எழுதியிருந்த கேட்டைப் பார்த்தார். அது பழைய 14. அங்கே வாட்ச்மேனிடம் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எங்கள் திரையில் 'டெலிவரி முடிந்தது' என்று பச்சையாக வந்தது. மெஷினுக்குக் காத்திருந்த பெரியவர் மூன்று நாளாக ஐசியூவில் கிடக்கிறார்.

"அக்கா ரெண்டு நம்பரும் சரியாத்தான் டைப் பண்ணியிருக்காங்க சார்" என்றேன்.

"யார் பாக்கப் போறா? அந்த ஃபைல்ல நீ எழுதின வரியை எடுத்துடு. நம்ம சிஸ்டம் தப்புன்னு தெரிஞ்சா ஒரு டாக்டரும் நமக்கு சிபாரிசு பண்ணமாட்டார்."

அந்த நேரத்தில்தான் பெரியவரின் மகள் ஜெயஸ்ரீ உள்ளே வந்தார். கசங்கிய புடவை, சிவந்த கண்கள்.

"அப்பா மூச்சுக்குத் தவிச்சிண்டிருக்கார்னு மூணு தடவை போன் பண்ணினேன். டெலிவரி ஆயிடுத்துன்னே சொல்லிண்டிருந்தேள். யார் பண்ணின காரியம் இது?"

சார் கொஞ்சமும் கூசாமல் தேவானை அக்காவைக் கை காட்டினார். "இவங்கதான் மேடம், அட்ரஸைத் தப்பா போட்டுட்டாங்க. இன்னியோட வேலையை விட்டு அனுப்பிட்டோம்."

அக்கா எழுந்து நின்றார். பதினோரு வருடம்!

"பொய்!" என்று கத்தினேன். மானிட்டரை ஜெயஸ்ரீயின் பக்கம் திருப்பினேன். "இது அவங்க டைப் பண்ணினது, ரெண்டு நம்பரும் இருக்கு பாருங்க. இது நான் எழுதின விதி. புது நம்பர் போதும்னு சார் சொன்னார். தப்புன்னு தெரிஞ்சும் நான் எழுதினேன்."

ஜெயஸ்ரீ என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தகுதியானவள்தான். பிறகு அவர் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு சாரிடம் திரும்பினார்.

"வக்கீல் நோட்டீஸ் உங்க ஆத்துக்கே வரும். அட்ரஸ் சொல்லுங்கோ."

"மிரட்டுறீங்களா? தாராளமா அனுப்புங்க, எழுதிக்கங்க. பழைய நம்பர் ஒம்போது, புது நம்பர் இருபத்தி..."

சார் அப்படியே நின்றுவிட்டார்.

"சொல்லுங்கோ" என்றார் ஜெயஸ்ரீ. "எது போதும்?"

நான் மேசையிலிருந்த அக்காவின் நீக்கக் கடிதத்தை எடுத்து சாரின் கண்ணெதிரே கிழித்துப் போட்டேன்.